சேவல் இறகிலிருந்து தொடங்கலாம்

மட்டக்களப்பில் தூண்டில் போடத் தெரியாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனை வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஊர்களுக்கு நடுவே கிடக்கிறது. பாலம், துறை, மதகு என்று எங்கு பார்த்தாலும் ஒரு பிள்ளை கம்பும் தங்கூசி என்கிற நைலோன் நூலும் இறால் துண்டுமாக நிற்கும். எந்த மாதம் எந்த மீன் கரைக்கு வரும், எந்தக் கல்லுக்குள் தூண்டில் முள் மாட்டும், மிதப்பு எப்படி ஆடினால் எது கடிக்கிறது என்பதெல்லாம் பத்து வயதிலேயே அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே ஃபிளை மீன்பிடியை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அரிச்சுவடியிலிருந்து தொடங்கத் தேவையில்லை. மிச்சத்தை எந்த வரிசையில் கொடுப்பது என்பதுதான் கேள்வி. எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து இருக்கிறது. கம்பும் நூல் சுற்றும் ரீலும் வாங்கிக்கொடுத்துத் தொடங்காதீர்கள். முதலில் பிள்ளை ஃபிளையைக் கட்டட்டும். கட்டிப் பழகிய பிள்ளை தண்ணீரைப் பார்க்கத் தொடங்கும். தண்ணீரைப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு வீச்சைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம்.

இதைப்பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயமும் இரையும்தான் பாரம். பாரத்தை எறிந்தால் தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃபிளை மீன்பிடியில் இது தலைகீழ். இரைக்குப் பதிலாக, முள்ளில் இறகும் நூலும் மயிரும் கட்டிய சின்னப் பொருள் ஒன்று இருக்கும். பூச்சி மாதிரியோ இறால் மாதிரியோ மீன்குஞ்சு மாதிரியோ அதைக் கட்டுவார்கள். அதுதான் ஃபிளை. பல ஃபிளைகள் ஒரு கிராம்கூட வராது. கையால் எறிந்தால் காலடியிலேயே விழும். அதனால் பாரத்தை நூலுக்கே கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த லைன் அது. கம்பைப் பின்னும் முன்னும் வீசும்போது லைன் காற்றில் சுருள் விரிந்து நீண்டு, நுனியில் இருக்கும் ஃபிளையைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைக்கும். லைன்களுக்கு இலக்கம் உண்டு. முதல் 30 அடியின் நிறையை வைத்து அந்த இலக்கத்தைக் கொடுக்கிறார்கள். 5ஆம் இலக்கம் ஏறத்தாழ 9 கிராம். 8ஆம் இலக்கம் 13 கிராமுக்குச் சற்று மேல். கம்பிலும் அதே இலக்கம் எழுதியிருக்கும், இரண்டும் பொருந்தவேண்டும். சாமான் வாங்குவதைப்பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்.

இது குளிர்நாட்டு ஆட்களுடைய பொழுதுபோக்கு, எங்களுக்கு எதற்கு என்று ஊரில் சிலர் கேட்பதுண்டு. அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் டிரவுட் மீனைக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் இன்றைக்கும் அந்த மீன் இருக்கிறது. இலங்கையில் ஃபிளைக் கம்பு என்றால் துரைமாரும் மலைநாட்டுக் குளிரும்தான் நினைவுக்கு வரும். நானும் இதைக் கற்றது கனடாவில், ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றங்கரையில், டிரவுட் மீனுக்காகத்தான். ஆனால் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்கிற எந்த மீனும் ஃபிளையை எடுக்கும். விரால் எடுக்கும். கொடுவா எடுக்கும். முகத்துவாரத்தில் சுற்றுகிற பாரைக் குஞ்சுகளைப்போல ஆவேசமாக ஃபிளையைத் துரத்துகிற மீனை நான் அந்தக் குளிர் ஆற்றில் கண்டதில்லை.

சரி, கட்டுவதற்கு வருவோம்.

சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் உரோமில் வாழ்ந்த ஈலியன் என்பவர், மசிடோனியாவில் ஓர் ஆற்றங்கரைச் சனங்கள் மீன் பிடித்த விதத்தை எழுதிவைத்திருக்கிறார். முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூல். அதன்மேல் சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகு இரண்டு. கம்பு ஆறடி, நூல் ஆறடி. அவ்வளவுதான் அவர்களுடைய சாமான். நான் பிள்ளைகளுக்கு முதலில் கட்டக் கொடுப்பது இதைத்தான். இதில் இருக்கும் எல்லாமே எங்கள் வளவில் கிடைக்கும்.

என் அக்காவின் மகளும் பக்கத்து வீட்டுப் பெடியன்கள் இரண்டு பேரும் எங்கள் விறாந்தையில் கட்டத் தொடங்கியது ஒரு மாரிக்காலத்தில். வெள்ளிக்கிழமையில் எங்கள் பக்கம் வீடுகளில் மீன் காய்ச்சுவதில்லை, பிள்ளைகளும் தூண்டிலைத் தொடமாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமைப் பின்னேரம் கட்டும் நேரமாகிவிட்டது. இறகுகளைப் பாயில் பரப்பி நிறம் பிரித்துக்கொண்டிருந்தபோது அம்மம்மா வந்து பார்த்துவிட்டு, “என்ன மனே, சேவலையும் ஆட்டையும் கொண்டுவந்து மீனுக்குக் குடுக்கப் போறியளா?” என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், மறுகா தன் தையல் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார்.

சேவலின் கழுத்திலும் முதுகிலும் இருக்கும் நீண்ட ஒடுங்கிய இறகுதான் நல்லது. உரித்த கோழியின் இறகைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில் சில நாள் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பூச்சி முட்டை பொரித்து எல்லாவற்றையும் தின்றுவிடும். ஆட்டு வால் மயிர் இறைச்சிக் கடையில் கேட்டால் சும்மா தருவார்கள். அதையும் இப்படியே கழுவி எடுக்கவேண்டும். கம்பளி நூல், மெல்லிய பொலியெஸ்டர் தையல் நூல், முடிச்சின்மேல் பூச நெயில் பொலிஷ், ஒரு கூரான சின்னக் கத்தரிக்கோல். காட்டுப் பறவைகளின் இறகைத் தேடிப் பிள்ளைகளை அனுப்பவேண்டாம். வளர்ப்புக் கோழியும் ஆடும் தருவதே கட்டி முடிக்கமுடியாத அளவு இருக்கும்.

முள்ளைப் பிடித்துவைக்க வைஸ் என்ற கருவி இருக்கிறது. அது இல்லை என்று காத்திருக்கத் தேவையில்லை. பூட்டிக்கொள்ளும் குறடு ஒன்றைப் பலகையில் இறுகக் கட்டினாலே போதும். லீ வுல்ஃப் என்ற புகழ்பெற்ற அமெரிக்க மீன்பிடிகாரர் வைஸே இல்லாமல் விரல்களுக்கு நடுவே முள்ளைப் பிடித்து, அரிசியளவு ஃபிளைகளைக்கூடக் கட்டியவர். சின்னப் பிள்ளைகளுக்கு நான் அந்த வழியைச் சொல்லமாட்டேன், முள் குத்தும். ஆனால் கருவி இல்லாததால் கட்டமுடியாது என்று யாராவது சொன்னால் அவருடைய பெயரைச் சொல்லலாம்.

எதையும் கட்டுமுன் முள் முனையின் உட்பக்கம் பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கவேண்டும். பிள்ளைகள் பாவிக்கும் ஒவ்வொரு முள்ளிலும் இதைச் செய்யவேண்டும், இதில் விலக்கே இல்லை. அந்தப் பின்கூர் இல்லாத முள் மீன் வாயிலிருந்தும் விரலிலிருந்தும் காதிலிருந்தும் சுலபமாகக் கழன்றுவிடும். கட்டுவதற்கு முன்பே நசுக்கினால், முறிகிற முள் அப்போதே முறிந்துவிடும், பட்ட பாடு வீணாகாது.

பிறகு தையல் நூலை முள்ளின் காதுக்குப் பக்கத்தில் தொடங்கி, தன்மேலேயே ஏற்றி இறுக்கி, வளைவு வரை நெருக்கமாகச் சுற்றிப் போகவேண்டும். அங்கே கம்பளி நூலின் நுனியைக் கட்டி, தையல் நூலை முன்னால் கொண்டுவந்துவிட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்து கட்டி வெட்டவேண்டும். கம்பளிக்கு முன்பக்கத்தில் இறகு இரண்டையும் வைத்துக் கட்டி, நூலால் சின்னத் தலை ஒன்றைச் சுற்றி, மூன்று நான்கு முடிச்சுப் போட்டு நெயில் பொலிஷ் ஒரு துளி. இதற்குள் பிள்ளைகள் எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கம்பளியை முள்ளின் காது வரைக்கும் சுற்றிவிடுவார்கள். இறகு கட்ட இடம் இருக்காது. எப்படியோ கட்டினாலும் தங்கூசி கோர்க்கும் துளை அடைபட்டுவிடும். காதுக்குப் பின்னால் இரண்டு மில்லிமீற்றராவது வெறுமையாக விடவேண்டும். அந்த இடத்தில் பேனையால் ஒரு கறுப்புப் புள்ளி வைத்துக்கொடுங்கள், இதைத் தாண்டாதே என்று சொல்லுங்கள். இன்னொன்று நூலின் இறுக்கம். எவ்வளவு இழுத்தால் நூல் அறும் என்பது நாலைந்து தரம் அறுத்துப் பார்த்தால்தான் விரலுக்குத் தெரியும். ஆகவே முதல் நாளில் வேண்டுமென்றே நூலை அறுக்கச் சொல்வேன். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும்.

கட்டி முடித்ததை உள்ளங்கையில் வைத்து அழகு பார்ப்பதில் பயன் இல்லை. கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் விட்டு, ஃபிளையைத் தங்கூசியில் கட்டி உள்ளே இறக்கி ஆட்டிப் பார்க்கவேண்டும். காய்ந்திருக்கும்போது புசுபுசுவென்று குண்டாக இருந்த ஃபிளை நனைந்ததும் ஒடுங்கி உயிர்பெறும். விறைப்பான இறகு போட்டுக் கட்டியது கட்டைபோல் நிற்கும். மென்மையான இறகு மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும். இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிள்ளை அடுத்த இறகைத் தானாகவே தடவிப் பார்த்து எடுக்கும். நாங்கள் வாய் திறக்கவேண்டியதில்லை. பெரியவர்களுக்கு இதில் கடினமான வேலை சும்மா இருப்பதுதான். பிள்ளையின் கையிலிருந்து முள்ளை வாங்கி நேராக்கிக் கொடுக்கக்கூடாது. கோணல்மாணலாகக் கட்டிய ஃபிளையையும் மீன் எடுக்கும்.

இரண்டாவதாக வூலி பகர் என்பதைக் கட்டலாம். வாலுக்குக் கோழியின் அடிவயிற்றுத் தூவி, உடலுக்குக் கம்பளி, அதன்மேல் வாலிலிருந்து தலைவரை இடைவெளி விட்டுச் சுற்றிய ஒரு சேவல் இறகு. இன்னதுதான் என்று சொல்லமுடியாத உருவம் அது. அட்டை, இறால், தவளைக்குஞ்சு எல்லாமாகவும் மீனுக்குத் தெரியும்போலிருக்கிறது. ஒரே ஒரு ஃபிளையை மட்டும் கட்டப் பழகலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

வாவிக்கு என்றால் கிளவுசர் மின்னோ. அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் கிளவுசர் 1987இல் தன் ஊர் ஆற்று மீனுக்காகக் கட்டியது. அதற்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் அமெரிக்க மீன்பிடி எழுத்தாளர் லெஃப்டி கிரே. இன்றைக்கு உலகமெங்கும் கடலிலும் கழிமுகத்திலும் இதைப் பாவிக்கிறார்கள். மேலும் கீழும் கொஞ்சம் நீண்ட மயிர், தலையருகே பாரமான இரண்டு கண். அந்தக் கண்களை முள்தண்டின் மேல்பக்கம் கட்டவேண்டும். அப்போது தண்ணீரில் ஃபிளை கவிழ்ந்து, முள்முனை வானத்தைப் பார்த்தபடி போகும். கல்லிலும் கண்டல் வேரிலும் மாட்டுவது குறையும். கடையில் விற்கும் கண்கள் பலவற்றில் ஈயம் உண்டு, பிள்ளைகள் தொடவேண்டாம். சாவிக்கொத்தில் வரும் குண்டுமணிச் சங்கிலியில் இரண்டு மணியை வெட்டி எடுத்தால் அதுவே கண். மயிருக்கு ஆட்டு வால். வெள்ளையும் மண்ணிறமும் சேர்த்துக் கட்டினால் வாவிக் கரையில் கூட்டமாக ஓடும் மீன்குஞ்சின் நிறம் வந்துவிடும்.

பிள்ளைகள் அடித்துப்பிடித்துக்கொண்டு கட்டுவது செருப்பு ஃபிளையை. தேய்ந்த இறப்பர்ச் செருப்பின் அடியை விரல் அளவுக்கு வெட்டி, கீழ்ப்பக்கம் கீறி, முள்ளில் நூலைச் சுற்றிய இடத்தில் சுப்பர் குளூ வைத்து ஒட்டவேண்டும். பசை வைப்பதைப் பெரியவர் செய்யவேண்டும். பின்னால் ஆட்டு மயிரும் இரண்டு பக்கமும் கால்போல இறப்பர் நாடாவும் கட்டினால் தவளை. முன்பக்கத்தைக் குழிவாக வெட்டினால், இழுக்கும்போது தண்ணீர் ‘பொளக்’ என்று சத்தம் போடும். தாமரை இலைக்கும் மிதக்கும் சல்வீனியாக் களைக்கும் நடுவே போடவேண்டியிருப்பதால், முள்ளின் வாய்க்குக் குறுக்கே தடித்த தங்கூசியை வளையமாகக் கட்டிவிடவேண்டும். இலையில் மாட்டாது, மீன் கடித்தால் வளையம் மடங்கிவிடும். விராலுக்கு இதைவிட நல்லதை நான் கண்டதில்லை.

இவ்வளவும் கட்டுகிறபோது பிள்ளை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மீன் உண்மையில் என்ன தின்கிறது? அப்போது வயல் வாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஒரு தேயிலை வடி, ஒரு வெள்ளைக் கோப்பை போதும். வாய்க்கால் ஓரத்துப் புல்லை வடியால் அரித்துக் கோப்பையில் தண்ணீரோடு கொட்டினால், தும்பியின் குடம்பி, கூனி இறால், தவளைக்குஞ்சு, பெயர் தெரியாத நூறு சீவன். எது விரைவாக ஓடுகிறது, எது கோப்பையின் அடியில் ஊர்கிறது, எது பின்னோக்கித் துள்ளுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபிளையைத் தண்ணீரில் எப்படி இழுக்கவேண்டும் என்ற பாடம் முழுவதும் அந்தக் கோப்பைக்குள் இருக்கிறது. இறால் துள்ளுவதைக் கண்ட பிள்ளைக்கு “சட்டென்று இழு, நிறுத்து, திரும்ப இழு” என்று விளக்கவேண்டியதில்லை.

குளத்துக் கட்டில் நின்றால் விராலைப் பார்க்கலாம். அது காற்றை மேலே வந்து விழுங்கும் மீன். சற்றுநேரம் அசையாமல் நின்றால் இலைகளுக்கு நடுவே ஒரு வாய் வந்து போவது தெரியும். இன்னொன்றும் தெரியும், செம்மஞ்சள் நிறத்தில் தண்ணீரின் மேல் கொதிப்பதுபோல ஒரு கூட்டம். அது விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் எதைப் போட்டாலும் காவல் நிற்கும் மீன் கோபத்தில் கடிக்கும், பிடிப்பது மிகச் சுலபம். ஆனால் அதைப் பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரு நாளில் தின்று தீர்த்துவிடும். என் பிள்ளைகளுக்கு நான் போட்ட சட்டங்களில் இதுவே கடுமையானது: குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் நடையைக் கட்டவேண்டும்.

கட்டவும் பார்க்கவும் பழகியபின் கம்பு. அப்போதும் ரீல் வேண்டாம். ஜப்பானின் மலை ஓடைகளில் தென்காரா என்ற முறை இருக்கிறது. நீண்ட மெல்லிய கம்பு, நுனியில் நேராகக் கட்டிய நூல், நூல் நுனியில் ஃபிளை. ரீல் கிடையாது. எங்கள் மூங்கில் தூண்டிலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கம்பின் நீளத்துக்குத் தடித்த தங்கூசி, அதன் நுனியில் இரண்டு முழம் மெல்லிய தங்கூசி, சின்னக் கம்பளி ஃபிளை. வாய்க்காலிலும் குளத்து மதகடியிலும் கெண்டையும் சின்னத் திலாப்பியாவும் இதற்கு வரும். திலாப்பியா ஆபிரிக்க இனம், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து குளங்களில் விட்ட மீன், இப்போது எங்கும் இருக்கிறது. பழகுபவர்களுக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. அவசரப்படுபவரை அது மன்னிக்காது. ஃபிளையை அடியில் விட்டு ஊரவிடவேண்டும், நூல் ஒரு விரற்கடை அசைந்தால் மெதுவாகக் கம்பைத் தூக்கவேண்டும். முடிச்சும் இங்கேயே பழகிவிடும். தங்கூசியைக் காதில் கோர்த்து ஐந்து சுற்று முறுக்கி, நுனியை முதல் கண்ணிக்குள் விட்டு, இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைக்கவேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உரசலில் சூடேறித் தங்கூசி பலம் இழந்துவிடும்.

இதற்குப் பிறகுதான் ரீலும் லைனும் உள்ள கம்பு. குளத்துக்கும் பிள்ளையின் கைக்கும் 5ஆம் அல்லது 6ஆம் இலக்கம் சரி. முதலில் தண்ணீருக்குப் போகவேண்டாம், புல்லுள்ள மைதானத்துக்குப் போங்கள். தார் வீதியிலும் சீமெந்திலும் இழுத்தால் லைனின் பூச்சு உரிந்துவிடும். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளித் துண்டு ஒன்றை நுனியில் கட்டுங்கள்.

வீச்சின் சூத்திரம் பலத்தில் இல்லை. கல்லடிப் பாலத்தடியில் வீச்சுவலை எறிபவரைப் பார்த்திருப்பீர்கள். வலையைத் தோளில் ஏற்றி, உடம்பைத் திருப்பி, ஒரு கணம் பொறுத்து, சரியான இடத்தில் கையை விடுவார். வலை தானாக வட்டமாக விரியும். அந்த ஒரு கணப் பொறுமைதான் ஃபிளை வீச்சும். கம்பை மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தவேண்டும். அப்போதுதான் லைன் கம்பைத் தாண்டிப் பின்னால் விரியும். முழுவதும் விரியும்வரை காத்திருந்து, அதேபோல முன்னால் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். மணிக்கூட்டில் 10க்கும் 1க்கும் இடையில் கம்பு ஆடினால் போதும் என்று சொல்வார்கள். பிள்ளைகள் விசிறி வீசுவதுபோல் இடைவிடாமல் ஆட்டுவார்கள். லைன் தலையில் விழும். பின்னால் திரும்பி லைன் விரிவதைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கத் தொடங்கினால் பொறுமை தானாக வரும். எட்டு ஒன்பது மீற்றர் தூரம் நேராகப் போனால் அந்தப் பிள்ளை மீன் பிடிக்கத் தயார். தூரம் தூரம் என்று அலைவது பெரிய ஆண்களின் வியாதி.

பலம் வேண்டாம் என்பதற்கு ஜோன் வுல்ஃப் என்ற அமெரிக்கப் பெண் ஒருவரே சாட்சி. 1926இல் பிறந்தவர், பத்து வயதில் வீசத் தொடங்கினார். நடனம் சொல்லிக்கொடுத்தவர். 1951இல் ஆண்களே போட்டியிட்ட தூர வீச்சுப் போட்டி ஒன்றில் எல்லாரையும் வென்றார். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் வளர வளரக் கரைக்கு வருவது நின்றுவிடுகிறது. பன்னிரண்டு வயதுவரை தம்பியோடு தூண்டில் போட்டவள் அதன்பிறகு மீனைச் சட்டியில்தான் காண்கிறாள். இது எனக்குப் பெரிய வருத்தம். என் அக்காவின் மகள் மைதானத்தில் வீசுவதைப் பார்த்த பெடியன்கள் முதலில் சிரித்தார்கள். மறுகிழமை எப்படி வீசுவது என்று அவளிடமே கேட்டார்கள். பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் தாயோ மாமியோ கூட ஒருவர் வந்தால் போதும், தடை என்று ஒன்றும் இல்லை.

காற்றைப்பற்றி ஒரு சொல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகல் ஏறினால் வீசமுடியாது, காலை நேரம்தான். வலக்கைக்காரர் காற்று இடப்பக்கமிருந்து வரும்படி நின்றால் ஃபிளை உடம்பை விட்டு விலகிப் போகும். பின்னால் தென்னையோ கண்டலோ நின்றால் பின்வீச்சே வேண்டாம், லைனைத் தண்ணீரிலிருந்து மெதுவாக இழுத்துத் தோளுக்குப் பின் தொங்கவிட்டு முன்னால் உருட்டிவிடலாம்.

இனிச் சொல்வதை எந்தப் பெற்றாரும் தட்டக்கூடாது. வாவியிலும் குளங்களிலும் முதலை இருக்கிறது. உவர்நீர் முதலையும் இருக்கிறது, குளத்து முதலையும் இருக்கிறது. கனடாவில் ஆற்றுக்குள் இடுப்பளவு நின்று வீசுவார்கள். இங்கே முழங்கால் நனையவும் கூடாது. உயரமான கட்டு, துறையின் மேல்தட்டு, கல் அணை, இப்படி நிற்கும் இடம் தண்ணீரை விட்டு உயரமாக இருக்கவேண்டும். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபின் போய், இருட்டுமுன் திரும்பவேண்டும். பிடித்த மீனைக் கரையில் வெட்டிக் குடலை எறியக்கூடாது. உன்னிச்சை, உறுகாமம் போன்ற குளங்களின் பக்கம் பின்னேரத்தில் யானை இறங்கும், சொல்லத் தேவையில்லை. இடி முழங்கினால் கம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போகவேண்டும், இந்தக் கம்புகள் கார்பனால் செய்தவை, மின்சாரம் கடத்தும். ஐப்பசி கார்த்திகையில் பின்னேரத்து வானத்தை நம்பவேண்டாம். வீசுகிற பிள்ளைக்கும் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கும் தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலம் போன்ற சனம் நடமாடும் இடத்தில் வீசவே கூடாது, பின்வீச்சில் முள் யாருடைய முகத்துக்குப் போகும் என்று சொல்லமுடியாது.

குளத்தில் மீனவர் சங்கம் குஞ்சு விட்டு வளர்க்கிறது என்றால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். அது அவர்களுடைய சீவியம். இதுவரை நான் கேட்ட இடங்களில் பிள்ளைகள் என்றதும் சிரித்துக்கொண்டு விட்டார்கள், நல்ல இடத்தையும் காட்டினார்கள். பிடித்த மீனைத் தின்பதா விடுவதா என்பதில் என் எண்ணம் இது: கறிக்கு எடுப்பது எங்கள் வழக்கம், அதில் குறை இல்லை. திலாப்பியாவைத் தாராளமாக எடுக்கலாம். சின்ன விராலையும் சின்னக் கொடுவாவையும் விடவேண்டும். விடுவதானால் கையை நனைத்துவிட்டுத் தொடவேண்டும், தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றவேண்டும். காய்ந்த கையோடு பிடித்துப் படம் எடுத்து, குளக்கட்டில் புரளவிட்டுப் பிறகு தண்ணீரில் எறிந்தால் அது விட்டதாகக் கணக்கில்லை.

குளத்தில் கை பழகிய பிள்ளைக்குப் பதினான்கு பதினைந்து வயதாகும்போது 8ஆம் இலக்கக் கம்போடு முகத்துவாரத்துக்குப் போகலாம். பாலமீன்மடுப் பக்கம் கல்லுகளின் மேல் நின்று, நீர் உள்ளே ஏறும் நேரத்தில், ஆட்டு மயிரில் கட்டிய கிளவுசரைக் குறுக்கே வீசி விரைவாக இழுக்கவேண்டும். இங்கே ஒரு பழக்கத்தை மாற்றவேண்டும். மீன் கடித்ததும் திலாப்பியாவுக்குச் செய்ததுபோல் கம்பைத் தூக்கக்கூடாது, தூக்கினால் ஃபிளை வாயைவிட்டு வெளியே வந்துவிடும். கம்பைத் தண்ணீரை நோக்கி வைத்தபடியே இடக்கையால் லைனை நீளமாக இழுத்து இறுக்கவேண்டும். இறுகியபின் கம்பைத் தூக்கலாம். முதலில் தவறினாலும் மீன் திரும்பி வந்து அடிக்கும், நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ரீல், லைன், கம்பின் வளையங்கள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்கவேண்டும். பாவித்த ஃபிளைகளையும் கழுவிக் காயவிட்டபின்தான் பெட்டியில் வைக்கவேண்டும். நனைந்த ஒன்றைப் போட்டு மூடினால் பெட்டியில் உள்ள அத்தனை முள்ளும் துருப்பிடிக்கும்.